பதின்மூன்றில் போட்ட ஊசி முப்பதிலும் நிற்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை கூடும் ஒரு மாலை எதிர்வீட்டுக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. ஐம்பத்து மூன்று வயது. "டீச்சர், அப்ப நீங்கதானே சம்மதப் பாரம் கொடுத்தீங்க? பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல போட்டாங்களே அந்த ஊசி, அது இன்னும் வேலை செய்யுமா? கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். பத்து வருசத்துல அதோட சக்தி போயிடும், கல்யாணத்துக்கு முன்னாடி இன்னொன்னு போடணும்னு புலனத்துல, அந்த வாட்ஸ்அப்ல, வந்திருக்கு."

பாரம் கொடுத்தது நான்தான். 2010-இல் மலேசிய அரசு படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை இலவசமாகப் போடத் தொடங்கியபோது, இந்த ஊர் இடைநிலைப்பள்ளி ஒன்றில் படிவம் ஒன்றுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். பெற்றோர் சம்மதப் பாரத்தைக் கொடுத்து வாங்கி எண்ணி அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தோட்டத்துப் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அதைப் புத்தகப்பையின் அடியில் போட்டுக் கசக்கிக் கொண்டுவருவார்கள். சிலவற்றில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை. ஒன்று, குழம்புக் கறையோடு வந்தது. என்ன ஊசி, எதற்கு ஊசி என்று அன்றைக்கு என்னைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. மிஸ்ஸி (நர்ஸ்) வந்து போடுகிறார், அரசாங்கம் கொடுக்கிறது, நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. பொறுப்பாசிரியையான எனக்கும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் அணிப் பிள்ளைகள் 1997-இல் பிறந்தவர்கள். 2027-இல் அவர்களுக்கு முப்பது. இந்த நோய்க்கான பரிசோதனை தொடங்கும் வயதும் முப்பதுதான். ஆகவே எதிர்வீட்டுக்காரரின் கேள்வி இந்த ஊரில் ஒரு தலைமுறையின் கேள்வி. ஒருவேளை அதைக் கொஞ்சம் தவறான பக்கத்திலிருந்து கேட்கிறோமோ என்பதுதான் என் சந்தேகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நோய். ஊரில் எல்லாரும் 'கர்ப்பப்பை கேன்சர்' என்கிறார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்று வேறு, கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் வரும் புற்று வேறு. நாம் பேசுவது இரண்டாவது. அதற்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983-இல் எச்பிவி 16 என்ற வகையையும், அடுத்த ஆண்டு 18 என்ற வகையையும் இந்தப் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்பிவியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பல, கையிலும் காலிலும் மரு வரவைப்பதோடு சரி. ஏறக்குறைய ஒரு டஜன் வகைகள்தான் புற்றுக்குக் கொண்டுபோகும். அவற்றிலும் இந்த 16-ம் 18-ம் சேர்ந்து உலகில் காணும் கருப்பை வாய்ப் புற்றுகளில் சுமார் 70 விழுக்காட்டுக்குப் பொறுப்பு.

இது உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் பரவுகிறது. இந்த ஒரு வாக்கியத்தால்தான் நம் வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. 'என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை' என்று ஒரு தாய் என்னிடம் பாரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். அவளுடைய கணவன் கல்யாணத்துக்கு முன்பு எங்கோ வாங்கிவந்த வைரஸ் போதும், அவனுக்கே அது தெரிந்திருக்காது. வாழ்நாளில் உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சமயம் எச்பிவியைச் சந்தித்தவர்கள்தாம். சளி பிடிப்பதைப் போல அவ்வளவு சாதாரணம். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். மீதி இருப்பவர்களில் சிலருக்கு உள்ளேயே தங்கி, முன்நிலை மாற்றங்களை, அதாவது புற்றுக்கு முந்திய செல் மாற்றங்களை, உண்டாக்கி, 10 முதல் 20 ஆண்டு கழித்துப் புற்றாகிறது. இந்த நீண்ட இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

பால் மரம் (ரப்பர்) சீவியவர்களுக்கு வைரஸ் நுழையும் விதத்தைச் சொல்வது எளிது. முழுப் பட்டையில் பூஞ்சை ஏறாது. கத்தி பட்ட இடத்தில்தான், அதுவும் மழைக்காலத்தில், வெட்டுப் பட்டை அழுகும். எச்பிவியும் அப்படியே. மேல்தோல் முழுசாக இருந்தால் அதனால் நுழைய முடியாது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடித்தோல் செல்களைப் போய்ப் பிடிக்கிறது. அதன் பிறகு ரத்தத்தில் கலப்பதே இல்லை. காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. தோலுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. உடலின் காவல் படைக்கு ஆள் வந்திருப்பதே பல சமயம் தெரிவதில்லை. இதனால்தான், இயற்கையாக எச்பிவி வந்து போனவர்களில் கணிசமானவர்களுக்கு, வைரஸை மறிக்க உடல் சுரக்கும் எதிர்ப்பொருளே உருவாவதில்லை. உருவானாலும் பலவீனமாக இருக்கும், அதே வகை மறுபடி வரலாம்.

தடுப்பூசி இங்கேதான் இயற்கையை மிஞ்சுகிறது. 'நோய் வந்து போனால் வரும் சக்திதான் உண்மையான சக்தி' என்று நம்மூரில் ஒரு வாதம் உண்டு. தட்டம்மைக்கு அது ஓரளவு பொருந்தும். எச்பிவிக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியன் சூ என்ற ஆய்வாளரும் 1991-இல் ஒன்றைக் கண்டார்கள். வைரஸின் மேல்தோட்டுப் புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்தால் அது தானாகவே கூடி, வைரஸைப் போலவே ஓர் உருண்டை ஆகிவிடுகிறது. உள்ளே மரபணு கிடையாது. பருப்பு இல்லாத தேங்காய் ஓடு மாதிரி வெறும் கூடு. அதனால் நோயைத் தர வழியே இல்லை. அந்த உருண்டையின் மேல் 72 முண்டுகள், செம்பனைக் குலையில் பழங்கள் அடுக்கியிருப்பதைப்போல ஒரே சீராக, நெருக்கமாக இருக்கும். ஒரே உருவம் இப்படி வரிசை வரிசையாகத் திரும்ப வருவதைக் கண்டால் நம் உடல் அதை உடனே எதிரி என்று பிடித்துக்கொள்ளும். அதுவும் கைச்சதையில் ஊசியாகப் போவதால் காவல் படைக்கு நேரே முன்னால் போய் நிற்கிறது. ஜியன் சூ 1999-இல் இறந்துவிட்டார். தன் வேலை ஊசியாக வந்ததை அவர் பார்க்கவில்லை. முதல் ஊசிக்கு அமெரிக்காவில் 2006-இல் அனுமதி கிடைத்தது.

சரி, சக்தி எத்தனை நாள் நிற்கும்? ஊசி போட்ட சில வாரங்களில் எதிர்ப்பொருள் அளவு உச்சத்துக்குப் போகிறது. பிறகு இறங்குகிறது. புலனத்தில் வந்த செய்தி இந்த இறக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது. சுமார் இரண்டு ஆண்டில் இறக்கம் நின்று, கோடு மட்டமாகிவிடுகிறது. எலும்பு மச்சையில் குடியேறிய சில செல்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அந்த மட்டமான அளவே, இயற்கைத் தொற்றால் வரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். அந்த எதிர்ப்பொருள் கருப்பை வாயின் ஈரத்தில் கசிந்து நிற்கிறது. சிராய்ப்பு ஏற்பட்டால் ரத்த நீரோடு நேராக அந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. வைரஸ் செல்லைத் தொடுவதற்கு முன்பே அதைச் சுற்றிக்கொள்கிறது. இன்னொரு வசதி, இந்த வைரஸ் ஃபுளூவைப்போல வருடத்துக்கு ஒரு வேஷம் போடாது. மிக மெதுவாகத்தான் மாறும். 2010-இல் அடையாளம் கற்றுக்கொண்ட உடலுக்கு இன்றும் அதே முகம்தான் எதிரே வருகிறது.

இதெல்லாம் ஆய்வுக்கூடக் கணக்கு. ஊரில், உண்மையான பெண்களிடம் என்ன நடந்தது?

கோஸ்டா ரிக்காவில் 2004-இல் தொடங்கிய ஆய்வில் 18 முதல் 25 வயதுப் பெண்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 11 ஆண்டு கழித்தும் பாதுகாப்பு குறையவில்லை. டென்மார்க், ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில், 16 முதல் 23 வயதுக்குள் நான்கு எச்பிவி வகைகளைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களை 14 ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். 16, 18 வகைகளால் வரும் கடுமையான முன்நிலை மாற்றம் ஒருவருக்கும் வரவில்லை. முன்நிலை மாற்றம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புற்று வரும்வரை காத்திருந்து எண்ணுவது நியாயமில்லை என்பதால் ஆய்வுகள் முதலில் அதைத்தான் எண்ணின. 'ஊசி புற்றைத் தடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை' என்று பத்தாண்டுக்கு முன்பு சிலர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

2020-இல் நேரம் போதிய அளவு கடந்துவிட்டது. சுவீடனில் 10 முதல் 30 வயதுக்கு உட்பட்ட 16 லட்சத்து 70 ஆயிரம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் பிறந்தது முதல் ஓர் எண் உண்டு. ஊசிப் பதிவும் புற்றுநோய்ப் பதிவும் அந்த எண்ணில் சந்திக்கும். ஊசி போட்டவர்களில் 19 பேருக்கும் போடாதவர்களில் 538 பேருக்கும் கருப்பை வாய்ப் புற்று வந்திருந்தது. போடாதவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இந்த இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. வயதையும் மற்றவற்றையும் கழித்துக் கணக்கிட்டபோது, 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து 88 விழுக்காடு குறைவு. 17 முதல் 30-க்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு 53 விழுக்காடு குறைவு.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து. அங்கே பள்ளியில் ஊசி 2008-இல் தொடங்கியது. 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட அணியில் புற்று 87 விழுக்காடு குறைந்திருந்தது. 14 முதல் 16-இல் 62. 16 முதல் 18-இல் 34. இவை ஊசி வழங்கப்பட்ட மொத்த அணிக்கான கணக்கு, போட்டுக்கொள்ளாதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். வயது ஏற ஏறப் போட்டுக்கொண்டவர்கள் குறைந்ததால், 34 என்பது ஊசியின் சக்தியைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது. ஆனாலும் படிக்கட்டு தெளிவாகத் தெரிகிறது. 2024-இல் ஸ்காட்லாந்து தன் பதிவேட்டைத் திறந்தது. 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புற்று இல்லை. பூஜ்யம். சில பெண்கள் மூன்று ஊசியையும் முடித்திருக்கவில்லை, அவர்களுக்கும் பூஜ்யம்தான்.

இப்போது எதிர்வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். 'பத்து வருசத்துல சக்தி போயிடும்' என்பது உண்மையானால் இந்த நாடுகளில் அது தெரிந்திருக்கும். 2008-இல் 12 வயதில் போட்டுக்கொண்ட ஆங்கிலேயப் பெண், நோய் தலைகாட்டத் தொடங்கும் இருபதுகளைக் கடந்துகொண்டிருக்கிறாள். பாதுகாப்பில் ஓட்டை விழுந்த அடையாளம் இல்லை. ஆகவே கல்யாணத்துக்கு முன் இன்னொரு ஊசி தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கு 2010-இல் மூன்று ஊசி போட்டார்கள், 2015 முதல் இரண்டாகக் குறைத்தார்கள். அப்போதும் 'காசை மிச்சம் பிடிக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குப் பாதி மருந்து' என்று பேச்சு வந்தது. இளம் உடலுக்கு இரண்டே போதும் என்று ஆய்வுகள் காட்டியதால் குறைத்தது அது. இப்போது ஒன்றே போதும் என்ற இடத்துக்கு உலகம் வந்து நிற்கிறது. அந்தக் கதையில் நம் தாத்தா பாட்டி ஊர்ப் பக்கமும் வருகிறது.

2009-இல் இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 10 முதல் 18 வயதுப் பெண் பிள்ளைகள் 20 ஆயிரம் பேரைச் சேர்த்து, இரண்டு ஊசியா மூன்று ஊசியா எது போதும் என்று பார்ப்பது திட்டம். ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. அதே சமயம் ஆந்திராவிலும் குஜராத்திலும் வேறொரு தடுப்பூசித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்த சில பிள்ளைகள் இறந்துபோனார்கள். விசாரித்தபோது காரணங்கள் பாம்புக் கடி, நீரில் மூழ்கியது, மலேரியா என்று வந்தன. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தில் பெரிய குறை இருந்தது உண்மை. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாரம் எண்ணியவள் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. கூச்சல் பெரிதாகி, 2010 ஏப்ரலில் இந்திய அரசு எல்லா எச்பிவி ஊசி ஆய்வுகளையும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது. சம்பந்தமே இல்லாத அம்பிளிக்கையிலும் ஊசி நின்றது.

அந்த நேரத்தில் சில பிள்ளைகள் மூன்றையும் முடித்திருந்தார்கள், சிலர் இரண்டு, ஏறக்குறைய ஐயாயிரம் பேர் ஒன்றே ஒன்றோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் கையைப் பிசைந்திருப்பார்கள். ஆனாலும் பிள்ளைகளைக் கைவிடவில்லை. பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஊர் மாறிப்போனவர்களையும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. 16, 18 வகைகள் உடலில் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு ஊசிக்கு 95 விழுக்காடு, இரண்டுக்கும் மூன்றுக்கும் 93. வித்தியாசமே இல்லை. யாரும் திட்டமிடாத ஒரு தடங்கல், ஒரு ஊசியே பத்தாண்டு நிற்கும் என்று காட்டிவிட்டது. கென்யாவில் முறையாகத் திட்டமிட்டு நடந்த ஆய்வும் ஒரு ஊசியே நன்றாகத் தடுக்கிறது என்று சொன்னது. 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ ஊசி போதும் என்று அறிவித்தது. எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் ஊசி வேண்டும்.

ஆகவே 'எத்தனை வருடம் நிற்கும்' என்பது, என் பார்வையில், ஏறக்குறையத் தீர்ந்த கேள்வி. தீராதது வேறு. சுவீடனின் 88-ஐயும் 53-ஐயும் மறுபடி பாருங்கள். ஊசி ஒன்றுதான். போட்ட வயதுதான் வேறு. பதினேழு வயதுக்கு மேல் ஊசி வலுவிழந்துவிடவில்லை. வைரஸ் முந்திக்கொண்டுவிடுகிறது. உள்ளே புகுந்த வைரஸை இந்த ஊசி துரத்தாது. பூட்டு நல்ல பூட்டுதான், திருடன் உள்ளே வந்த பிறகு பூட்டினால் அவனையும் வைத்தல்லவா பூட்டுகிறோம்? அதனால்தான் பதின்மூன்று என்ற வயது. 'இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எதற்கு' என்று கேட்ட தாய்மாருக்குச் சரியான பதில் அன்று என்னிடம் இல்லை. சின்னப் பிள்ளையாக இருப்பதனால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வயதில் போட்டுக்கொள்வதில் பயனே இல்லை என்றும் ஆகிவிடாது. இதுவரை சந்திக்காத வகைகளிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். 2014-இல் வந்த, ஒன்பது எச்பிவி வகைகளைத் தடுக்கும் ஊசி, கருப்பை வாய்ப் புற்றுகளில் சுமார் 90 விழுக்காட்டுக்குக் காரணமான வகைகளை மறிக்கிறது. ஆனால் அந்த வயதில் அரசு ஊசி கிடைக்காமல் தனியார் கிளினிக்குக்குப் போனால் தோட்டக் கூலியில் அது கனமான செலவு.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு கிளைச் சந்தேகம் வரும். மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டுப் படிவம் ஒன்றுக்கு வந்த பிள்ளைகளுக்கு அப்போது பதினான்கு. அந்த ஒரு வருடத்தால் பெரிதாக எதுவும் கெட்டிருக்காது. கவலைப்பட வேண்டியது, படிவம் ஒன்றுக்கே வராதவர்களைப் பற்றி.

ஆறாம் ஆண்டு முடித்த கையோடு நின்றுபோன பெண் பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, பெரியம்மா கடையில் நிற்க. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியின் படியே மிதிக்காத பிள்ளைகளும் உண்டு. தோட்டத்தில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டு, பிறகு தாய் தகப்பன் பிரிந்து, தாளைத் தேடி அலைந்து ஓய்ந்த குடும்பங்கள் எத்தனையோ. பள்ளி வழியாகப் போடும் ஊசி என்பது மலேசியாவில் அருமையான ஏற்பாடு. முதல் ஆண்டுகளிலேயே பத்தில் எட்டு மாணவிகளுக்கு மேல் சென்று சேர்ந்தது. பணக்கார நாடுகள் பலவற்றால் முடியாதது அது. ஜப்பானைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்து, பக்கவிளைவு என்று தொலைக்காட்சிகள் அலற, ஜூனிலேயே அரசு பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. சுமார் 70 விழுக்காடாக இருந்த ஊசி ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 வரை ஆயிற்று. நாம் அப்படித் தடுமாறவில்லை. ஆனால் பள்ளி வாசல்தான் ஒரே வாசல் என்றால் வாசலுக்கு வராதவள் விடுபட்டுப்போவாள். பள்ளிக்கு வராத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அரசு கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. லயத்து வீட்டுக்கு வந்து அதை யார் சொன்னார்கள்? கொவிட் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது ஊசியும் தடைபட்டது. அந்த ஆண்டுகளில் பதின்மூன்றைத் தாண்டியவள் வீட்டில் இருந்தால், பிள்ளையின் சுகாதாரப் பதிவைத் தேடி எடுத்து, ஊசி விவரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்கில்) கேளுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007 முதல் 2011 வரையிலான அறிக்கையில், மூன்று பெரிய இனங்களில் கருப்பை வாய்ப் புற்று வீதம் அதிகமாக இருந்தது இந்தியப் பெண்களிடம்தான். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று யாரும் எண்ண வேண்டாம். முன்நிலை மாற்றத்தைக் கண்டுபிடித்து அகற்ற பத்து இருபது ஆண்டு அவகாசம் தரும் நோய் இது. அந்த அவகாசத்தில் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குப் போகாதவர்களைத்தான் அது பிடிக்கிறது. கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை இந்த நாட்டுக்கு வந்தது 1969-இல். என் அம்மா, அத்தை, பெரியம்மா யாரும் ஒரு தடவை செய்துகொண்டதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு (வேலைக்கு ஆள் எண்ணுவது), மத்தியானம்வரை வேலை, அப்புறம் வீட்டு வேலை. அதற்கிடையில் அறிமுகம் இல்லாத ஒருவர் முன்னால் கால் விரித்துப் படுப்பதா? வெட்கத்தை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. நான் படித்தவள்தான்.

ஊசி வந்ததும் இந்த வெட்கத்துக்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்திருக்கிறது. 'எனக்குத்தான் பள்ளியில் போட்டாச்சே, எதற்கு டெஸ்ட்?' என்று 1997 அணிப் பெண் ஒருத்தி என்னிடமே கேட்டாள். அவளுக்குப் போட்ட ஊசி, 70 விழுக்காட்டுப் புற்றுக்குக் காரணமான வகைகளை மறித்தது. மீதி 30-க்கு மற்ற வகைகள் இருக்கின்றன. எல்லா ஊசியையும் போட்டு முடித்தவளும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஆஸ்திரேலியா 2007-இலேயே ஊசியைத் தொடங்கியது. அங்கே 2021-இல் 25 வயதுக்குக் கீழே ஒரு பெண்ணுக்குக்கூட இந்தப் புற்று கண்டறியப்படவில்லை. 1982-இல் பதிவு தொடங்கியதிலிருந்து முதல் முறை. அவர்களே பரிசோதனையை நிறுத்தவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். லட்சம் பெண்களில் ஆண்டுக்கு நான்கு பேருக்கும் குறைவாக இந்த நோயைக் கொண்டுவர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதற்கு 2030-க்குள் பதினைந்து வயதுக்குள் 90 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி, 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்று மூன்று எண் சொன்னார்கள். மலேசியா முதல் எண்ணில் நன்றாக ஓடியது. நொண்டுவது இரண்டாவதில்.

பரிசோதனையும் மாறிவிட்டது, இது ஊரில் பலருக்குத் தெரியவில்லை. இப்போது செல்லைப் பார்ப்பதற்குப் பதிலாக வைரஸையே தேடும் சோதனை வந்திருக்கிறது. அதற்குக் கால் விரித்துப் படுக்க வேண்டியதில்லை. பஞ்சு வைத்த குச்சி ஒன்றைத் தருவார்கள். திரைக்குப் பின்னாலோ கழிவறைக்குள்ளோ போய், பிறப்புறுப்பிலிருந்து மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம். மலாயா பல்கலைக்கழகத்தில் 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டம் இதைக் கைப்பேசியோடு இணைத்தது. முடிவு கைப்பேசிக்கே வரும். அரசு கிளினிக்குகளிலும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சோதனை கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. வைரஸ் இல்லையென்றால் ஐந்தாண்டுக்கு மறுபடி போக வேண்டாம். வைரஸ் இருந்தால் புற்று என்று பொருளல்ல, மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் முடிவை மட்டும் அனுப்பினால் இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி கிடந்தாள்.

இவ்வளவையும் பசார் மாலாமில் நின்று சொல்ல முடியவில்லை. பாதி அங்கே, பாதி வீட்டுத் திண்ணையில். பாப்பாவுக்கு மறு ஊசி வேண்டாம், 2027-இல் முப்பது முடிந்ததும் குச்சிச் சோதனைக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் ஆனா மாப்பிள்ளை வீட்டுல தப்பா நினைக்க மாட்டாங்களா டீச்சர், சோதனைக்குப் போனா?" என்றார். ரத்தக் கொதிப்புப் பார்க்கப் போவதை யாராவது தப்பாக நினைக்கிறார்களா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றார். அவர் சொன்னதும் சரிதான், இந்த ஊரில் அது வேறு.

பிறகு நான் கேட்டேன், "நீங்க போயிருக்கீங்களா?" அவர் சிரித்தார். மூன்று பிள்ளை பெற்றவர். பாப் ஸ்மியர் ஒரு தடவைகூட இல்லை. அவர் வயசுக்கு ஊசியால் பெரிய பயன் இருக்காது, அந்தக் காலம் கடந்துவிட்டது. அவருக்கு இருப்பது குச்சி மட்டும்தான். பாப்பாவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம், உண்மையில் ஆபத்தில் இருப்பவர் என் எதிரே உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருக்கிறார்.

"நானே எடுக்கணுமா? எனக்குத் தெரியாதே."

"மிஸ்ஸி படம் வச்சிருக்கும், காட்டும். இரண்டு நிமிசம்."

"வேலை நாள்ல லீவு தர மாட்டாங்க. வியாழக்கிழமை மழை பேஞ்சா பழம் பொறுக்க அனுப்ப மாட்டாங்க, அன்னைக்குப் பாக்கலாம்."

வியாழக்கிழமை மழை பெய்யவில்லை. அடுத்த வாரம் பெய்தது.